மரம் வைத்தவன் ஊற்றாத தண்ணீர்

மேஸ்திரிக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். லாரியின் முன்சீட்டில் வரும், கிரேன் நிழலில் வரும், இன்ஜினியர் எதிரே நின்று வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வரும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் மட்டும் வராது. "வேலைக்குப் போய்த் தூங்கிட்டு, வீட்டுக்கு வந்து முழிச்சிட்டு இருக்கற ஆளை நான் எங்கயும் பாத்ததில்ல" என்பாள் அவர் மனைவி. அவள் சொல்வதில் பாதிதான் உண்மை. வேலையிடத்தில் அவர் கண்தான் மூடியிருக்கும், காது திறந்தே இருக்கும். கயிறு இழுபடும் சத்தத்தில் சின்னப் பிசிறு வந்தால் போதும், "ஏய், நிறுத்து!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிடுவார்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முதுகா, முழங்காலா, தோள்பட்டையா, எது முதலில் படுத்துக்கொள்வது என்று உடம்புக்குள்ளேயே ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி ஆயுளை அவர் மரங்களோடுதான் கழித்தார். அதில் பெரும்பகுதி வெட்டுவதில் போயிற்று. அந்த நாளில் அவர் கை பட்ட இடம் மொட்டை. சாலையை அகலப்படுத்த வேண்டுமா, கூப்பிடு அவரை. கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டுமா, கூப்பிடு அவரை. பிறகு சட்டம் மாறியது. வெட்டக்கூடாது, வேரோடு எடுத்து வேறு இடத்தில் வை என்றார்கள். அதற்கென்று புது ஆட்கள் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே கான்ட்ராக்டர், அதே கிரேன், அதே கயிறு, அதே மேஸ்திரி. கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கைக் கையில் எடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழில் பிடிபட சில மரங்கள் செத்தன. அதற்கப்புறம் பிடிபட்டது. மரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, முதலில் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் தோண்டி வேரை அறுக்க வேண்டும். மண்ணை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அறுத்த இடத்தில் முடி முடியாகப் புது வேர் விட்டதும் மறுபாதி. பிறகு கிளைகளைக் கழித்து, வேரோடு இருக்கிற மண்ணுருண்டையை ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டி, காலை வெயில் பட்ட பக்கத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, அதே பக்கம் கிழக்கே பார்க்கும்படி புது இடத்தில் இறக்க வேண்டும். இதில் தோண்டுவது பெரிய வேலையில்லை, காத்திருப்பதுதான் பெரிய வேலை. அதற்கு மேஸ்திரியைவிடத் தோதான ஆள் ஊரில் கிடையாது.

இந்த மாற்றத்தில் அவரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டது அவருடைய அக்காள். தம்பி மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாராவது கேட்டால் "கட்டட வேலைல இருக்கான்" என்று பேச்சை மாற்றிவிடுவாள். இடம் மாற்றும் வேலைக்கு வந்த பிறகு, கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னாள். "என் தம்பி பிடுங்கி வெச்ச மரம் பட்டதா சரித்திரமே இல்ல" என்பாள். அந்தச் சில மரங்களைச் சரித்திரத்திலிருந்து அவளே நீக்கிவிட்டிருந்தாள்.

அக்காள் இருந்தது ஒரு பழைய மில் குடியிருப்பில். வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு மைதானம், மைதானத்தின் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் இலைகளை மடித்துக்கொண்டு மரம் தூங்கப் போகும்போது, அதன் அடியில் குடியிருப்பே விழித்துக்கொள்ளும். சண்டை, சமாதானம், சீட்டாட்டம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான். அக்காளின் வீட்டு வாசல் மரத்தைப் பார்த்த வாசல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். "அதுக்கு அப்புறம்தான் என் மூஞ்சி" என்று அவள் கணவர் சொல்வார்.

அந்தக் கணவர், மேஸ்திரிக்கு மாமா, ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். ஆனால் யாருக்கும் வலிக்காது.

மில் மூடிப்போய், நிலம் கை மாறி, கடைசியில் ஒரு நாள் வளாகம் கட்டுகிறவர்கள் வந்தார்கள். வானத்தைத் தொடும் கட்டடங்கள் முன்பக்கம், பழைய குடியிருப்புக்காரர்களுக்கு ஓரமாக ஒரு அடுக்குமாடி. வீடு மாறுவதற்கு எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மரத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நடுநாயகமாக அக்காள்.

கம்பெனிக்காரர்கள் மேஸ்திரியை முன்னால் தள்ளினார்கள். மரத்தைத் தூக்கப்போவது அவர்தான், உட்கார்ந்திருப்பது அவருடைய அக்காள்தான் என்று யாரோ மோப்பம் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் போய் நின்றார். பேசுவதற்கு அவருக்குப் பெரிதாக ஒன்றும் வராது.

"வெட்ட மாட்டோம்க்கா. உங்க புதுக் கட்டடத்துக்குப் பக்கத்துலயே கொண்டுவந்து வெச்சிடறோம்."

"பொழைக்குமாடா?"

"பொழைக்கும்."

"அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்லாத. நீ சொல்லு."

"நான்தான் சொல்றேன். பொழைக்கும்க்கா."

அக்காள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "எந்திரிங்க எல்லாரும். என் தம்பி சொல்லிட்டான்." ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். இந்த ஊரில் இத்தனை பேரை எழுப்பிவிடுகிற சக்தி தன் வாய்க்கு இருக்கிறது என்று மேஸ்திரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. சீக்கிரம் சீக்கிரம் என்று கம்பெனி நெருக்கியபோதும் பாதி வட்டம் அறுத்துக் காத்திருந்தார். "என்ன மேஸ்திரி, மேல இருக்கறதும் தூங்குமூஞ்சி, கீழ இருக்கறதும் தூங்குமூஞ்சி, எப்ப வேலை நடக்கும்?" என்று கிரேன்காரர் கேட்டார். மேஸ்திரி கண்ணைத் திறக்காமல், "வேர் விடட்டும்" என்றார். வேர் விட்டது. மறுபாதியும் அறுத்தார். கிளைகளைக் கழித்து, கைபோல் நீண்ட மூன்று பெரிய கிளைகளும் கொஞ்சம் இலையும் மட்டும் விட்டார். இருக்கிற வேருக்கு அவ்வளவு இலைதான் தாங்கும்.

அதை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்த அன்று அக்காள் புதுக் கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தாள். குடை மாதிரி விரிந்து கிடந்த மரத்தை எதிர்பார்த்து நின்றவளின் எதிரே, மழித்த தலையும் சாக்குக் கட்டுமாக ஒன்று படுத்தபடி வந்து சேர்ந்தது.

"இது என்னடா, முண்டமா கொண்டாந்திருக்க?"

"துளிர்க்கும்க்கா. கொஞ்ச நாள் பொறு."

மரத்தை இறக்கி, முட்டுக்கொடுத்து, மண்ணைத் தள்ளினார்கள். மேஸ்திரி வழக்கப்படி மண்ணுருண்டையின் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை அடிவரை இறக்கி நிறுத்தினார். அதற்குள் மூங்கில் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால் அடியில் ஈரம் எவ்வளவு என்று தெரியும். வண்டிக்காரன் இன்ஜின் ஆயில் பார்ப்பதுபோலத்தான். லாரித் தண்ணீர் எப்போது, எவ்வளவு என்பதையெல்லாம் அந்தக் குச்சிதான் முடிவு செய்யும்.

புது இடத்து மண் அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டட இடிபாட்டையும் களிமண்ணையும் கொட்டி மேடாக்கிய தரை அது. குடித்த தண்ணீரை வெளியே விடாத தரை. அதனால் அளவாகத்தான் ஊற்றச் சொன்னார்.

அதே சமயத்தில் குடியிருப்பிலிருந்து எடுத்த வேறு சில மரங்களும் இருந்தன. புங்கன், வாகை, பெயர் தெரியாத ஒன்று. அவற்றுக்காக யாரும் உட்காரவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. வளாகத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், வரிசையாக வைத்துவிட்டு வந்தார்கள்.

தூங்குமூஞ்சியில் விட்டிருந்த கொஞ்சம் இலையும் சில நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது. இடம் மாறிய மரம் இலையை உதிர்க்கும். அது இழப்பு அல்ல, சிக்கனம். மேஸ்திரிக்கு அது தெரியும். அக்காளுக்குத் தெரியாது. அவள் நேராக வேலைக் கொட்டகைக்கு வந்தாள்.

"நீ சொன்னேன்னுதான்டா எந்திரிச்சேன்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவர் வீட்டுக்குப் போனால் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். காபி மாமா கையால் வரும். "உங்க அக்கா மௌன விரதம். எனக்கு அந்தக் குடுப்பினை எப்ப வருமோ" என்பார் மாமா. மேஸ்திரியும் வற்புறுத்தவில்லை. உட்காரவைத்து, அக்கா, இலை உதிர்றது நல்லதுதான், இப்ப அதைத் தொடாம விட்டாலே போதும் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துளிர் வந்தால் தானாகப் பேசப்போகிறாள், அதற்குள் எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்று விட்டுவிட்டார். கோபம் இல்லை, வீம்பும் இல்லை. வெறும் அலுப்பு. உலகத்தில் பாதிக் காரியம் கெட்டுப்போவது கெட்டவர்களால் அல்ல, அலுத்துப்போனவர்களால்தான்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. புது அடுக்குமாடியில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும், பிடித்துக்கொண்டால் உண்டு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "வாழ்நாள் முழுக்க ஊர்ல இருக்கறவனையெல்லாம் ஏத்தி எறக்கினேன். எனக்குன்னு ஒரு லிஃப்ட் வந்தா, அது படுத்துக்கிச்சு" என்று டீக்கடையில் மாமா அலுத்துக்கொண்டார். முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "குளிச்சு நாளாச்சு மாப்ளே. வீட்ல தண்ணி நிக்க மாட்டேங்குது" என்றார். பஞ்சம்தான் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அதற்குமேல் யோசிக்கிற அளவுக்கு அவர் விழித்திருக்கவில்லை.

இதற்கிடையில் கம்பெனிக்காரர்கள் மரத்தின் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். பச்சை எழுத்தில் 'இந்த மரம் உங்கள் மரம், இதைக் காப்பது உங்கள் கடமை' என்று போட்டிருந்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரியையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். படத்தில் அவர் கண் மூடியிருந்தது.

ஒரு நாள் குழாய்க்குள் விட்டு எடுத்த குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. லாரித் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். அடுத்த முறையும் நனைந்து வந்தது. நிலத்துக்கு அடியில் குழாய் எதுவும் உடைந்திருக்கிறதா என்று பிளம்பரைக் கூப்பிட்டுத் தோண்டிப் பார்த்தார்கள். உடையவில்லை. மூன்றாம் முறை குச்சியை மூக்கருகே கொண்டுபோனார். அழுகிய முட்டை நாற்றம். மேஸ்திரிக்கு அன்று பகல் முழுக்கத் தூக்கமே வரவில்லை.

"காலைல வந்து பாருங்க மேஸ்திரி, அங்க ஒரே கூட்டம்" என்றார் காவலாளி, பல் குத்திக்கொண்டே. அவர் ஏதோ திருவிழா சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் வெளுக்கும் நேரத்துக்கு மேஸ்திரி போய், சிமென்ட் மூட்டைகளை அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டார். அடுக்குமாடியின் படிக்கட்டில் சத்தம் கேட்டது. இறங்கி வருகிறவரின் கால் ஒரு படியில் நின்று, இன்னொரு காலை அதே படிக்குக் கூட்டிக்கொண்டு, பிறகு அடுத்த படிக்கு வந்தது. அந்த நடை அவருக்குத் தெரியும். அக்காள் ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் ஒரு கையால் தண்ணீர் வாளியையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாளி நிறைய இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை.

மரத்தடியில் வாளியை மெதுவாகச் சரித்தாள். தரை அதை உள்ளே இழுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தது. அவள் மரத்தின் பட்டையில் கை வைத்தாள்.

"மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. வெச்சவன் ஊத்தலை. லாரியைக்கூட நிறுத்திட்டான். அதுக்காக விட்டுட முடியுமா? நான் இருக்கேன். குடி."

பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். கீழ்வீட்டுக்காரி ஒரு வாளி, எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு வாளி, பள்ளிக்கூடம் போகிற பெண் தன் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்தது. குளிக்கவும் துவைக்கவும் பிடித்த தண்ணீர். வீட்டுக்கு வீடு அக்காள் சொல்லி வைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. எல்லோரும் ஊற்றிவிட்டு, மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் அதை வாளியைத் தூக்கி வருகிறவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

மேஸ்திரிக்கு அந்த வாய் இல்லை. மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தார். 'அக்கா, நீதான் அதைக் கொன்னுட்டு இருக்க' என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் மரம் ஒருவேளை பிழைக்கும். அக்காள்? எடுத்த அடியைப் பின்னால் வைத்தார். அவள் காலி வாளியோடு மறுபடி படியேறும் சத்தம், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, மேலே போய்த் தேய்ந்தது.

இன்ஜினியரிடம் போய், யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள், மரத்தைச் சுற்றி உடனே தகரம் அடிக்க வேண்டும் என்றார்.

"யாரு தண்ணி ஊத்தறதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் இன்ஜினியர். அவரும் பாவம், தூங்கிப் பல நாளான முகம்.

"தெரியல சார். ஆள் அடையாளம் தெரியல."

தகரம் அடித்த அன்று மத்தியானமே அக்காள் வந்துவிட்டாள். வேலைக் கொட்டகையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாள் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினாள்.

"நீயும் ஊத்த மாட்ட, ஊத்தறவங்களையும் விட மாட்ட, அப்படித்தானே? அது செத்தா எடம் காலியாகும்னு யார்ரா உனக்குச் சொல்லிக் குடுத்தது? வெட்டறவன் கையில சாக்கைக் குடுத்தா மட்டும் புத்தி மாறிடுமா? நான் ஒருத்தி, கேனச்சி, உன்னை நம்பி ஊரையே எழுப்பி விட்டேன்."

கிரேன்காரர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அக்காள் போன பிறகு சோற்றை மூடி வைத்தார். "திட்டினா திட்டட்டும். பேசினாளே" என்றார். அது உண்மையான ஆறுதல் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அவரால் ஆனதையெல்லாம் செய்தார். பள்ளத்தின் ஓரத்தை உடைத்து வடிகால் வெட்டினார். பம்பு வைத்து இறைத்தார். களிமண்ணைத் துளைத்து மணலை இறக்கினார். அழுகிய வேர்களைக் குனிந்து குனிந்து அறுத்தெடுத்தார், நிமிர முடியாமல் கிரேன்காரர் தூக்கிவிட வேண்டியிருந்தது. கீழே அவர் செய்வதெல்லாம் தகரத்துக்கு உள்ளே. படியிறங்கி வாசலுக்கு வரும்போதெல்லாம் அக்காள் பார்த்தது தகரத்தை மட்டும்தான்.

மரம் ஒரே ஓர் இடத்தில், மூன்றாவது கையின் கணுவில், அரிசி அளவு பச்சையாக ஒன்றைக் காட்டியது. மேஸ்திரி அதை யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயந்தார். அதுவும் கருகியது. பட்டை தோல் தோலாகக் கழன்றது. பிறகு மரம் லேசாகச் சாய ஆரம்பித்தது. பிள்ளைகள் நடமாடும் இடம், விட்டுவைக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. வெட்ட வேறு ஆட்களை அனுப்புவதாக இன்ஜினியர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேணாம் சார். நான் வெச்சது, நானே எடுத்துடறேன்."

கோடாலி கையில் பழகியபடியே உட்கார்ந்தது. அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. மரத்தின் கைகளை வெட்டி இறக்கினார்கள், தண்டைத் துண்டு போட்டார்கள். கடைசியில் தகரத்தைக் கழற்றிவிட்டு அடிமரத்தைக் கிரேனில் தூக்கியபோது, கறுத்துப்போன வேர்கள் மண்ணை விட்டுவிட்டு வெறுமனே வந்தன. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. கறுப்பாக, நாற்றமாக, இறைத்தும் இறைத்தும் மீண்டும் ஊறியிருந்த தண்ணீர்.

மேலேயிருந்து எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். மாமா கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தும் நிற்காமல் அக்காளும் வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றவள், திட்டத்தான் வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தவள் தண்ணீரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"என்னடா தண்ணி இது?"

"மழைத்தண்ணிக்கா" என்றார் மேஸ்திரி. யோசிக்காமல் வந்துவிட்டது.

அக்காள் பள்ளத்தைப் பார்த்தாள். வெயிலில் வெடித்துக் கிடந்த சுற்றுத் தரையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சகதி அப்பிய கையை உடையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த மழைடா?"

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தக் கொட்டகைக்குப் பின்னாடி வெச்சீங்களே, அதெல்லாம் என்ன ஆச்சு?"

"துளிர்த்திடுச்சுக்கா."

"அதுக்கு யாரு ஊத்தறா?"

"லாரி எப்பவாவது போகும். வேற யாரும் இல்ல."

அக்காள் தோண்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரி விவரம் புரியாமல் அழுதாள், தையல்காரர் புரிந்துகொண்டு மெல்ல நகர்ந்தார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவள் அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளியின் கைப்பிடி அழுத்தி அழுத்தி அங்கே காய்ப்பு ஏறியிருந்தது.

"தெரிஞ்சுமா என்கிட்ட அவ்ளோ திட்டு வாங்கின?" என்றாள் கடைசியில். "ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

நீதான் பேசவே இல்லையே என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அது பாதிதான் உண்மை, மறுபாதி அவருடையது. விழுங்கிக்கொண்டார்.

"சொல்லியிருக்கணும்க்கா. சோம்பேறித்தனம்."

மாமா அங்கேயே நின்றிருந்தார். வழக்கமான குத்தல் எதுவும் அவருக்கு வரவில்லை. "நான் முன்னாடி போய்க் கதவைத் திறக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"கையைக் குடு. ஏறணும்" என்றாள் அக்காள்.

லிஃப்ட் வாசலில் 'பழுது' என்ற அட்டை நிறம் மங்கித் தொங்கியது. இருவரும் படியேறினார்கள். அவளுக்கு முழங்கால், அவருக்கு முதுகு. யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். இரண்டாவதில் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தப் படியை அவள் தினமும் வாளியோடு இறங்கினாள் என்பது இப்போதுதான் அவர் காலுக்கு உறைத்தது.

"நாளைக்குக் காலைல குழாய்ல தண்ணி வரும்" என்றாள் அக்காள், அவரைப் பார்க்காமல். "நான் என்னடா பண்ணுவேன்?"



"மாமாவைக் குளிக்கச் சொல்லு" என்றார். "அப்புறம் கொட்டகைப் பக்கம் வா. நானும் வர்றேன். அந்த வாகை மூணு எடத்துல துளிர் விட்டிருக்கு. சும்மா நின்னு பாக்கலாம். வாளியை மட்டும் வீட்லயே வெச்சிட்டு வா."

அவள் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சின்ன வயதில் வைப்பாளே, அதே கை. வைத்த கையை எடுக்காமல், அந்த முதுகிலேயே முகத்தைப் பதித்துக்கொண்டு அழுதாள். மேஸ்திரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். முதுகு வலித்தது. மேலே இன்னும் படிகள் இருந்தன.